பதியின் பெயரும் பக்கத்தின் தலைப்பும்

சைவ மாணாக்கரைப் பயிற்றும் ஆசிரியர்காள்!

ஒரு பொருளுக்கும் அதனைத் தேடுவோனுக்கும் இடையே நிற்கும் வாயில் அதன் பெயரேயாம். பொருள் எத்துணைச் சிறந்ததாயினும், அதன் பெயர் தேடுவோனுக்கு எட்டாதாயின், அஃது அவனளவில் இல்லாத பொருளேயாகும். இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். தேவாரத் திருப்பதிகங்களை அவர் பண்முறையென்றும் தலமுறையென்றும் இருவகையாக அடைவு செய்தமையை நோக்குக. இசை பயில்வோர் பண்பற்றித் தேடுவர். யாத்திரை செய்வோர் தலம்பற்றித் தேடுவர். பதிகங்கள் அவையே, தேடுவோர் இருதிறத்தர், ஆதலின் அடைவும் இரண்டாயிற்று. அப்பர் சுவாமிகள் அருளிய அடைவு திருத்தாண்டகத்திலே பள்ளி, குடி, ஊர், காடு முதலிய ஈற்றுச் சொற்கள் பற்றித் தலங்கள் தொகுக்கப்பட்டிருத்தலும் நினைவிற் கொள்ளத்தக்கது. அச்சுப் புத்தகம் வந்த பின்னர்ப் பதிப்பாசிரியர்கள் நூலினிறுதியிலே பாட்டு முதற்குறிப்பு அகராதி சேர்த்தமையும், பாட்டின் முதற்சொல் மாத்திரம் அறிந்தவன் அதனைக்கொண்டே முழுப்பாட்டையும் கண்டடைதற் பொருட்டேயாம்.

இக்காலத்திலோ, ஒரு கோயிலைப்பற்றி அறிய விரும்புவோரிற் பெரும்பாலார் முதலில் வினவுவது ஊராரையன்று. கைப்பேசியிலுள்ள தேடுபொறியையே வினவுகின்றனர். யாழ்ப்பாணத்திலிருந்து மகா சிவராத்திரிக்கு வரக் கருதுவோரும், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பிறந்து தம் பாட்டனார் வழிபட்ட பதி யாதென அறிய அவாவும் பிள்ளைகளும் அவ்வாறே செய்கின்றனர். இதனையறிந்து, ஆலய பரிபாலன சபையாரும் அறநெறிப் பாடசாலையாரும் இணையதளங்கள் அமைத்து வருதல் மகிழ்தற்குரியதே. ஆயினும் அவற்றை அமைப்போர் படத்தினும் வண்ணத்தினும் செலுத்துங் கருத்தைப் பக்கத்தின் தலைப்பிலே செலுத்துவதில்லை. இவ்வேலை பெரும்பாலும் கணினி பயின்ற இளம் ஆசிரியரிடமோ உயர்வகுப்பு மாணாக்கரிடமோ ஒப்புவிக்கப்படுதலின், தலைப்பும் குறிப்புரையும் எழுதும் முறையை இங்கே ஒரு பாடமாகக் கூறப் புகுகின்றோம்.

1. பெயர் காத்த பதி

மன்னாரிலிருந்து மதவாச்சிக்குச் செல்லும் பெருவழியிலே அமைந்த நமது உயிலங்குளத்துக்கு அணித்தாயுள்ளது திருக்கேதீச்சரம். திருஞானசம்பந்த சுவாமிகள் அப்பதிமேல் அருளிய திருப்பதிகம் இரண்டாந் திருமுறையிலும், சுந்தரமூர்த்தி சுவாமிகள் அருளிய திருப்பதிகம் ஏழாந் திருமுறையிலும் உள்ளன. போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைக் கைப்பற்றினர். அந்நூற்றாண்டிலே பழைய ஆலயம் அழிவுற்றது. பின்னர் நெடுங்காலம் அவ்விடம் காடு மூடிக் கிடந்தது. கோபுரமில்லை, மதிலில்லை, பூசையில்லை. எஞ்சியது யாதெனின், பெயரொன்றே. ஓலைச் சுவடியிலிருந்த அப்பதிகங்கள் கோயிலைக் கேதீச்சரமென்றும், ஊரை மாதோட்டமென்றும், நீர்நிலையைப் பாலாவியென்றும் சொல்லிக்கொண்டேயிருந்தன.

1872இல் ஆறுமுக நாவலர் அப்பதியின் நிலையைச் சைவ மக்களுக்கு நினைவூட்டி எழுதினார். அந்நூற்றாண்டின் இறுதியிலே சைவ மக்கள் நிலத்தைப் பெற்றுக் காடு களைந்து வழிபாட்டை மீளத் தொடங்கினர். 1948இல் திருப்பணிச் சபை தோன்றியது. போரினால் வழிபாடு தடைப்பட்ட காலமும் கடந்து, கருங்கற் றிருப்பணி நிறைவுற்று, 2022இல் மகா கும்பாபிஷேகம் நிகழ்ந்தது.

இவ்வரலாற்றை நாம் இங்கே எடுத்துரைத்தது, ஒரு நுட்பத்தைக் காட்டுதற்காகவேயாம். அப்பதிகங்கள் கோயிற்பெயரை மாத்திரம் கூறியொழிந்தனவல்ல. கோயில், ஊர், நீர்நிலை என்னும் மூன்றடையாளங்களையும் ஒருங்கே கூறின. ஒன்று மறைந்தவிடத்து மற்றொன்று வழிகாட்டிற்று. கேதீச்சரம் யாண்டுளதென அறியாதவனும் மாதோட்டம் யாண்டுளதென அறிவான். மாதோட்டத்தினுள்ளும் எவ்விடமென ஐயுறுவோனுக்குப் பாலாவி கரைகாட்டும். நன்கமைந்த பக்கத் தலைப்பொன்று செய்யவேண்டிய தொழிலும் இதுவே. பொருளின் பெயரும், அஃதுள்ள இடமும், அதனைப் பிறவற்றினின்றும் பிரித்தறிவிக்கும் குறியும் அதன்கண் அமைதல் வேண்டும்.

2. தலைப்பும் குறிப்புரையும் யாவை

இணையதளத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் கண்ணுக்குப் புலனாகும் உடலும், அதற்குமேற் பொறிக்கே உரியதாகிய ஒரு தலைப்பகுதியும் உண்டு. அத்தலைப்பகுதியிலே எழுதப்படும் இரண்டு கூறுகளே ஈண்டு நாம் கருதுவன. முதலாவது 'டைட்டில்' எனப்படும் தலைப்பு. இரண்டாவது 'மெட்டா டிஸ்கிரிப்ஷன்' எனப்படும் குறிப்புரை. வேர்ட்பிரஸ் முதலிய கருவிகளைக்கொண்டு தளம் அமைப்போருக்கு இவற்றை எழுதுதற்குத் தனித்தனிக் கட்டங்கள் கிடைக்கும்; சிலவற்றிலே குறிப்புரைக்கு ஒரு துணைச்செயலியைச் சேர்த்துக்கொள்ளல் வேண்டும்.

தலைப்பு, உலாவியின் மேல்விளிம்பிலும் தேடுபொறி காட்டும் விடைப்பட்டியலிலும் தோன்றுவது. பட்டியலிலே மக்கள் விரலாற் றொடுமிடமும் அதுவே. குறிப்புரை, அப்பட்டியலிலே தலைப்பின்கீழ் இரண்டொரு வரியாகத் தோன்றத்தக்கது. புத்தகத்துக்கு ஒப்பிடின், தலைப்பு முதுகிற் பொறித்த பெயர். குறிப்புரை முகப்பேட்டிலே நூலின் பொருளைச் சுருங்கக் கூறும் வாசகம்.

இவ்விரண்டும் வேறு வேறு தொழிலுடையன. பக்கம் எப்பொருள் பற்றியதெனத் தேடுபொறி அறிதற்குத் தலைப்பு ஒரு பெருந்துணை. குறிப்புரையோ பக்கத்தைப் பட்டியலில் மேலே ஏற்றுவதன்று. பட்டியலைக் காணும் மனிதனுக்கு, 'நீ தேடுவது ஈண்டுளது' என்றோ 'ஈண்டில்லை' என்றோ அறிவிப்பது. ஆதலின் குறிப்புரையைப் பொறிக்காக எழுதுவோர் வீணுழைப்பு உழைப்பர். மனிதனுக்காக எழுதுவோரே பயன்பெறுவர்.

மற்றொன்றும் அறிந்துகொள்க. நாம் எழுதியதையே தேடுபொறி காட்டுமென்னும் உறுதியில்லை. தலைப்பு இல்லாவிடத்தும், தெளிவற்றவிடத்தும், பக்கத்தோடு பொருந்தாவிடத்தும், கூகுள் பக்கத்தினுள்ளே காணும் பெருந்தலைப்பிலிருந்தோ பிறர் இட்ட இணைப்புச் சொற்களிலிருந்தோ வேறொரு தலைப்பைத் தானே எடுத்துக்கொள்ளும். குறிப்புரையையும் அவ்வாறே விலக்கிவிட்டுப் பக்கத்தினுள்ளிருந்து ஒரு வாக்கியத்தைக் காட்டுதலுண்டு. அதனால், பக்கத்தின் பெருந்தலைப்பும் முதற்பத்தியும் தலைப்போடு ஒத்த பொருளவாய்த் தெளிவாக இருத்தல் வேண்டும். தலைப்பொன்று கூறப் பக்கம் மற்றொன்று கூறுமாயின், பொறியும் ஐயுறும், மனிதனும் ஐயுறுவான்.

3. பெரிதும் காணப்படும் வழுக்கள்

முதலாவது வழு, பெயரில்லாத் தலைப்பு. 'முகப்பு', 'வரவேற்கின்றோம்', 'எம்மைப்பற்றி' என்றிவ்வாறு மாத்திரம் தலைப்பிட்ட பக்கங்கள் எண்ணிறந்தன. தளத்தினுள்ளே நிற்போனுக்கு 'முகப்பு' என்பது பொருள்படும். வெளியே நின்று தேடுவோனுக்கு அஃது எவ்வீட்டின் முகப்பென்று எங்ஙனம் விளங்கும்? கேதீச்சரத்தைத் தேடுவோன் 'முகப்பு' என்று தேடுவானல்லன்.

இரண்டாவது வழு, எல்லாப் பக்கத்துக்கும் ஒரே தலைப்பு. வரலாறு, பூசை நேரம், திருவிழா, செல்லும் வழி, திருப்பதிகம் என ஐந்து பக்கங்களிருப்பின், ஐந்துக்கும் கோயிற்பெயரையே தலைப்பாக இடுதல், ஒரு குடும்பத்து ஐந்து பிள்ளைகளுக்கும் ஒரே பெயரிட்டு அழைத்தலை ஒக்கும். ஒவ்வொரு பக்கமும் தனக்கேயுரிய தலைப்பைப் பெறுதல் வேண்டும்.

மூன்றாவது வழு, புகழ்மொழி முன்னும் பெயர் பின்னுமாக எழுதுதல். 'அகிலமெங்கும் அருளாட்சி புரியும் அடியார்க்கு எளியனாகிய' என்று தொடங்கிக் கோயிற்பெயரை இறுதியில் வைத்தல் திருமுகத்துக்கும் விழா விளம்பரத்துக்கும் பொருந்தலாம். விடைப்பட்டியலிலோ தலைப்பு இடத்தின் அகலத்துக்கேற்பத் துணிக்கப்படும். புகழ்மொழி நிற்க, பெயர் வெட்டுண்டு போம். ஆதலின் பெயரை முன்னே வைக்க.

நான்காவது வழு, ஒன்றையே பலகாற் கூறுதல். 'திருக்கேதீச்சரம் கோயில், கேதீச்சரம் ஆலயம், கேதீஸ்வரம் சிவன் கோவில், மன்னார் கோயில், இலங்கைக் கோயில்' என அடுக்கினாற் பட்டியலில் முதலிடம் கிடைக்குமெனச் சிலர் மயங்குவர். கூகுள் இத்தகைய சொற்றிணிப்பை ஏமாற்று வகையுள் ஒன்றாகவே வைத்து விலக்குகின்றது. முன்னாளிலே 'மெட்டா கீவேர்ட்ஸ்' என்னும் மற்றொரு கட்டத்திலும் சொற்களை நிரப்பும் வழக்கமிருந்தது. தன் வரிசைப்பாட்டுக்கு அதனைக் கொள்வதில்லையென 2009இலேயே அந்நிறுவனம் வெளிப்படையாக அறிவித்துவிட்டது. இன்றும் அக்கட்டத்தை நிரப்பி நேரம் போக்குவோர் இதனை அறிவாராக.

4. தேடுவோன் எப்பெயராற் றேடுகின்றான்

தலைப்பெழுதப் புகுவோன் முதலில் ஆராயவேண்டியது, தான் அப்பொருளை எங்ஙனம் அழைக்கின்றான் என்பதன்று. தேடுவோன் எங்ஙனம் அழைக்கின்றான் என்பதேயாம். நம் பதிக்குத் தேவார வழக்குப் பெயர் திருக்கேதீச்சரம். மக்கள் பலர் இன்று எழுதுவதோ திருக்கேதீஸ்வரம். 'திரு' என்னும் அடைமொழி நீக்கிக் கேதீச்சரமென்றும் கேதீஸ்வரமென்றும் தேடுவோருமுளர். தமிழெழுத்து அறியாத பிள்ளைகள் ஆங்கில எழுத்தாற் றேடும்போது ககரத்தை ஒற்றையாகவோ இரட்டையாகவோ எழுதுவர்; தகரத்துக்கு 'எச்' சேர்த்தும் சேராதும் எழுதுவர்; 'ஸ்வ' என்பதற்கு 'டபிள்யூ' எழுத்தோ 'வி' எழுத்தோ இடுவர். இங்ஙனம் ஒரு பெயருக்குப் பல வடிவம் பெருகிக் கிடக்கின்றன.

இவையனைத்தையும் தலைப்பில் அடைத்தல் கூடாதென மேலே கூறினாம். செய்யத்தக்கது யாதெனின், இலக்கிய வழக்கும் செம்மையுமுடைய ஒரு வடிவத்தைத் தலைப்புக்குத் தேர்ந்து, தளமெங்கும் அதனையே நிலையாக வழங்குக. மக்கள் வழக்கிலே மிக்க மற்றொரு வடிவத்தைக் குறிப்புரையிலோ முதற்பத்தியிலோ 'திருக்கேதீஸ்வரம் எனவும் வழங்கும்' என ஒருமுறை கூறுக. ஆங்கிலப் பக்கம் வேறாக உளதாயின், அங்கும் இவ்வாறே ஒரு வடிவத்தைத் தேர்ந்து நிலைபெறுத்துக. 2003 முதல் நடைபெற்றுவரும் தமிழ் விக்கிப்பீடியாவிலே ஒரு பெயரைக் கட்டுரைக்குத் தலைப்பாக வைத்து, ஏனை வடிவங்களாற் றேடிவருவோரை அத்தலைப்புக்கே திருப்பிவிடும் வழிமாற்றுப் பக்கங்கள் அமைக்கப்படுகின்றன. ஒரு வீட்டுக்குப் பல ஒழுங்கை இருக்கலாம். வாயில் ஒன்றேயாயிருத்தல் நன்று.

செம்மொழி வடிவமே போதும், மக்கள் வழக்கு வேண்டாவென்பாரும், மக்கள் வழக்கே போதும், பழைய வடிவம் எதற்கென்பாரும் உளர். முன்னையார் கூற்றைக் கொள்ளின் பாமரர் வழிதவறுவர். பின்னையார் கூற்றைக் கொள்ளின் பதிகத்திலுள்ள பெயரை அடுத்த தலைமுறை அறியாதொழியும். ஆதலின் இரண்டையும் முறையறிந்து வைத்தலே ஆசிரியர்க்கு அழகு. மக்கள் பெயராற் றேடி வந்த பிள்ளை, பதிகப் பெயரைக் கற்றுக்கொண்டு செல்லுமன்றோ? தேடுதலே அவ்வாறு ஒரு கல்வியாகும்.

5. ஒருபெயர்ப் பலபொருள்

ஒரு பெயர் பல இடங்களுக்கு உரியதாதல் நம் நாட்டிலே மிகுதி. நமது உயிலங்குளம் மன்னார் மாவட்டத்தது. முல்லைத்தீவு மாவட்டத்துத் துணுக்காயிலும் ஓர் உயிலங்குளம் உண்டு. பாலாவி என்பது கேதீச்சரத்துத் தீர்த்தத்தின் பெயர். புத்தளத்தை அடுத்துள்ள ஊரொன்றும் பாலாவியே. மாந்தை மேற்கு மன்னாரைச் சேர்ந்தது. மாந்தை கிழக்கு முல்லைத்தீவைச் சேர்ந்தது. மன்னாரென்று தேடுவோனுக்கு மன்னார்குடியும் மன்னார் வளைகுடாவும் முன்வந்து நிற்றலும் உண்டு. கேதீச்சரத்தைத் தேடுவோன் எழுத்துப் பிழைத்தாற் றிருக்கேதாரத்துக்குச் சென்றுவிடுவான். அதுவோ இமயமலைச் சாரலது.

ஆதலின் 'பாலாவி தீர்த்தம்' என்று மாத்திரம் தலைப்பிடாது, 'பாலாவி தீர்த்தம், திருக்கேதீச்சரம், மன்னார்' என்க. 'உயிலங்குளம் அறநெறிப் பாடசாலை' என ஒரு தளம் அமைப்பதாகக் கொள்வோமாயின், 'மன்னார்' என்னும் சொல்லை அதனோடு சேர்க்க மறவற்க. உள்ளூரார்க்கு அச்சொல் மிகையாகத் தோன்றும். ஆனால் தலைப்பு உள்ளூரார்க்காக எழுதப்படுவதன்று, ஊரறியாதவனுக்காகவே எழுதப்படுவது. இதுவே ஊர்ப்பெயர் பற்றிய விதி.

6. கண்ணுக்கு ஒன்று, பொறிக்கு மற்றொன்று

தலைப்பிலே எழுத்து வழுவிருப்பின் மேற்கூறிய யாவும் பயனிலவாம். இவ்வழு இருவகைத்து.

முதல்வகை, எழுத்துரு பற்றியது. நம் நாட்டிலே பாமினி எழுத்துருவைக்கொண்டு தட்டச்சுச் செய்யும் வழக்கம் நெடுங்காலம் நிலைத்துள்ளது. அவ்வாறு தட்டச்சுச் செய்யும்போது கணினி உள்ளே சேமிப்பது ஆங்கில எழுத்துக்களையே. அவ்வெழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகம் பூண்டு காட்டுகின்றது. அவ்வெழுத்துரு இல்லாவிடத்து முகம் நீங்கி ஆங்கில எழுத்துக்களின் பொருளற்ற கோவையே தோன்றும். தேடுபொறி படிப்பதும் அக்கோவையையே. ஒருங்குறி என்னும் யூனிக்கோடு முறையிலே தமிழுக்குரிய இடம் 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே வகுக்கப்பட்டுள்ளது. தலைப்பு, குறிப்புரை, பக்கத்தின் உடல் ஆகிய மூன்றும் ஒருங்குறியிலேயே இருத்தல் இன்றியமையாதது. விழா மலர்களிலே பாமினியில் அச்சிட்ட கட்டுரைகளைத் தளத்திலே ஏற்றுவோர் அவற்றை மாற்றி ஏற்றுக. படமாகப் பிடித்து ஏற்றினும், அப்படத்துக்கு ஒருங்குறியிலே தலைப்பிடுக.

இரண்டாம் வகை, ஒருங்குறியினுள்ளேயே நேரும் மயக்கம். கேதீச்சரத்து அம்மையின் திருநாமம் கௌரி. இதனைத் தட்டச்சுச் செய்வோர் பலர், ஔகார உயிர்மெய்யாகிய 'கௌ' என்பதனை இடாது, 'கெ' என்னும் எழுத்தையும் 'ள' என்னும் எழுத்தையும் அடுத்தடுத்து இட்டுவிடுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. பொறிக்கோ முன்னது இரண்டெழுத்துச் சொல், பின்னது மூன்றெழுத்துச் சொல். அது கௌரியன்று, 'கெளரி' என்று வேறொன்றாயிற்று. 'ஸ்ரீ' என்பதும் அவ்வாறே. ஸகரத்தை முதலாகக்கொண்டும் ஶகரத்தை முதலாகக்கொண்டும் இருவகையாக அஃது எழுதப்படுகின்றது. பொறி இவற்றை ஒன்றாகக் கொள்ளுதலுமுண்டு, கொள்ளாமையுமுண்டு. அதன் கருணையை நம்பியிருத்தல் கூடாது. தட்டச்சுச் செய்தபின் ஒவ்வோர் எழுத்தாகப் பின்னோக்கி அழித்துப் பார்க்கின் வழு வெளிப்படும்.

எழுத்தெண்ணிக்கையிலும் ஒரு மயக்கமுண்டு. தலைப்பு இத்தனை எழுத்துக்குள் அடங்கவேண்டுமென ஆங்கில நூல்கள் ஒரு கணக்குக் கூறும். கூகுள் அத்தகைய வரம்பு எதனையும் விதித்திலது; இடம் போதாதவிடத்துத் துணிக்குமென்பதே செய்தி. 'திருக்கேதீச்சரம்' என்பது நம் இலக்கணப்படி ஒன்பது எழுத்து. கணினியோ மெய்யின் புள்ளியையும் உயிர்மெய்யின் குறியையும் தனித்தனியே கணக்கிட்டு 16 என்னும். ஆதலின் எண்ணிகாட்டும் கருவியை நம்பித் தமிழ்த் தலைப்பைக் குறைக்கவும் வேண்டா. அளவின்றி நீட்டவும் வேண்டா. கைப்பேசியிலே தேடிப் பார்த்துத் துணிபடுமிடத்தை அறிந்து, பெயரும் ஊரும் அதற்கு முன்னே அமையுமாறு செய்க.

7. உதாரணங்கள்

ஒரு கோயிற்றளத்துக்கு வேண்டும் தலைப்புக்கள் சில வருமாறு.

வரலாற்றுப் பக்கத்துக்கு: திருக்கேதீச்சரம் சிவன் கோயில் வரலாறு – மாதோட்டம், மன்னார்

வழிப் பக்கத்துக்கு: திருக்கேதீச்சரம் செல்லும் வழி – மன்னார், வவுனியாவிலிருந்து

பதிகப் பக்கத்துக்கு: திருக்கேதீச்சரம் தேவாரத் திருப்பதிகங்கள் – சம்பந்தர், சுந்தரர்

இவை மூன்றிலும் பெயர் முன்னின்றது. பக்கத்தின் பொருள் அடுத்து வந்தது. பிரித்தறிவிக்கும் குறி இறுதியில் நின்றது. புகழ்மொழி ஒன்றுமில்லை. ஆயினும் எதுவும் குறைவுபடவில்லை.

இனிப் பதிகப் பக்கத்துக்குரிய குறிப்புரை ஒன்று காட்டுதும்: 'திருக்கேதீச்சரத்தின்மேல் (திருக்கேதீஸ்வரம்) திருஞானசம்பந்தர் அருளிய இரண்டாந் திருமுறைப் பதிகமும், சுந்தரர் அருளிய ஏழாந் திருமுறைப் பதிகமும் சொற்பொருளுடன். பாடசாலை மாணாக்கர் ஓதிப் பயிலுதற்குரியது.' இதனைப் படிப்போன், எப்பதிகங்கள் உள்ளன, பொருளும் உண்டா, யாருக்காக எழுதப்பட்டது என்னும் மூன்றையும் பக்கத்தைத் திறவாமலே அறிவான். பொருள் வேண்டாது பண் மாத்திரம் வேண்டுவோன் வேறிடம் செல்வான். அதுவும் அவனுக்கு ஓர் உதவியே. பக்கத்திலே சொற்பொருள் உண்மையில் இல்லையாயின், அச்சொல்லைக் குறிப்புரையில் எழுதற்க.

திருவிழாப் பக்கங்களுக்கு ஆண்டு இன்றியமையாதது. 'மகா சிவராத்திரி நிகழ்ச்சி ஒழுங்கு' என்று மாத்திரம் எழுதி விட்டுவிடின், அப்பக்கம் பல்லாண்டு கழிந்தும் பட்டியலில் நின்று, சென்ற ஆண்டின் திகதியை இவ்வாண்டினதாகக் காட்டும். அதனை நம்பி முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு தொலைவிலிருந்து வரும் குடும்பத்தின் அலைச்சலை எண்ணிப் பார்க்க. தலைப்பிலே ஆண்டை எழுதுதலும், விழா முடிந்தபின் பக்கத்தின் தொடக்கத்திலே 'இவ்விழா நிறைவுற்றது' எனக் குறித்தலும் தளம் அமைப்போரின் கடமை.

8. வாய்மையே தலைப்புக்கு வரம்பு

தலைப்பெழுதும் கலையைக் கற்றோரை ஒரு மயக்கம் வந்து பற்றும். மக்கள் எதனைத் தேடுகின்றனரென அறிந்தவன், அவர் தேடுவனவெல்லாம் தன்பால் உளவெனக் கூற விரும்புவான். 'உலகின் முதற் சிவாலயம்', 'தீராப் பிணி தீர்க்கும் தலம்', 'கண்டோர் வியக்கும் மர்மம்' என்றெல்லாம் தலைப்பிட்டு மக்களை ஈர்ப்போர் பலர். ஆதாரம் காட்டமுடியாத பழைமையைத் தலைப்பிலே ஏற்றுவோர், ஆதாரமுடைய பழைமையையும் ஐயத்துக்கு இடமாக்குகின்றனர். நமது பதிக்கு இருவர் தேவாரம் உண்டென்பது ஒருவராலும் மறுக்கலாகாத பெருமை. அதனினும் மிக்கதொன்றைக் கற்பித்துச் சேர்த்தற்கு என்ன தேவை உளது?

பிணியுற்றோர் பற்றியும் ஒரு சொல். நோய் நீங்குமென்னும் தலைப்பைக் கண்டு மருத்துவத்தைக் கைவிடுவோர் இலரென்று யார் துணிந்து கூறவல்லார்? வழிபாட்டின் பயனை அடியார் அறிவர். தலைப்பு அதற்கு உறுதிப்பத்திரம் எழுதிக் கொடுத்தல் தகாது.

தளத்தின் உரிமை பற்றியும் வாய்மை வேண்டும். ஒரு பாடசாலையாரோ அடியாரொருவரோ அன்பினால் ஒரு கோயிலைப்பற்றித் தளம் அமைப்பின், 'அதிகாரபூர்வ இணையதளம்' என்று தலைப்பிடல் ஆகாது. அவ்வுரிமை பரிபாலன சபையாருக்கே உரியது. கடல் கடந்த அடியார் தலைப்பை நம்பியே திருப்பணிக்கு நிதி அனுப்புகின்றனர். தலைப்பிலே நேரும் மயக்கம் பணத்திலும் நேரும். பணத்தில் நேர்ந்தபின் நம்பிக்கையிலும் நேரும். 'மாணாக்கர் தொகுத்தது' என வெளிப்படக் கூறுதலில் இழுக்கொன்றுமில்லை.

இன்னும், நம் மன்னார் மாவட்டம் சைவரும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் அயலயலாக வாழும் நிலம். தலைப்பு ஒன்றே வரியினதாதலின், வெகுளியில் எழுதிய சொல் அங்கே பன்மடங்கு கூர்மை பெறும். வரலாற்றிலே நேர்ந்த அழிவை உள்ளவாறு பக்கத்தினுள்ளே எழுதலாம். அயலாரைச் சுடுஞ் சொல்லைத் தலைப்பாக்கி மக்களைத் திரட்டுதல் சைவ நெறியன்று.

9. வகுப்பிலே பயிற்றும் முறை

இப்பாடத்தைக் கணினியில்லாத வகுப்பிலும் பயிற்றலாம். மாணாக்கர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர்க்கோயில் பற்றி ஒரு பத்தி எழுதுக. பின்னர் அதற்கு ஒருவரித் தலைப்பும் இருவரிக் குறிப்புரையும் தனித்தாளில் எழுதுக. ஆசிரியர் அத்தாள்களை மாத்திரம் சேர்த்து, அவ்வூரறியாத வேறொரு மாணாக்கரிடம் கொடுத்து, 'இஃது எவ்வூர்க் கோயில்? பக்கத்தினுள்ளே என்ன இருக்கும்?' என வினவுக. விடை கூற இயலாதாயின் தலைப்புத் தவறியது. விடை கூறியபின் பத்தியைக் கொடுத்துப் படிப்பிக்க. கூறியது ஆங்கே இல்லையாயின் குறிப்புரை தவறியது.

மாணாக்கர் நினைவிற் பதிதற்பொருட்டுச் சில வினாவிடை தருகின்றோம்.

தலைப்பில் முதலில் நிற்கவேண்டியது யாது? பொருளின் பெயர்.

அதனோடு சேரவேண்டியது யாது? பக்கத்தின் பொருளும், ஊரும் மாவட்டமுமாகிய குறியும்.

ஒரு தலைப்பு எத்தனை பக்கத்துக்கு ஆகும்? ஒன்றுக்கே.

பல வடிவமுடைய பெயரை எங்ஙனம் எழுதுவது? ஒன்றைத் தலைப்பிலே நிலைபெறுத்தி, மக்கள் வழக்கில் மிக்க மற்றொன்றைக் குறிப்புரையில் ஒருமுறை கூறுவது.

குறிப்புரை யாருக்காக எழுதப்படுவது? பட்டியலைப் படிக்கும் மனிதனுக்காக.

எழுத்து எம்முறையில் இருத்தல் வேண்டும்? ஒருங்குறியில்.

தலைப்பிலே கூறலாகாதது யாது? பக்கத்தில் இல்லாததும், உண்மையில் இல்லாததும்.

ஆசிரியர்காள்! 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் ஈழத்திலே தொடங்கிய நூலகத் திட்டமும் நம் நூல்களை இணையத்திலே ஏற்றிக் காத்து வருகின்றன. ஆங்கே ஒரு நூலை நாம் விரைவிற் காண இயல்வது, அந்நூலின் பெயரை ஒருவர் பிழையின்றித் தட்டச்சுச் செய்து வைத்தமையாலன்றோ? அவர் பெயரை நாம் அறியோம். அவர் செய்த உதவியை நாடோறும் பெறுகின்றோம். நம் ஊர்க்கோயில்களின் வரலாறும், அறநெறிப் பாடசாலைகளின் பணியும், முதியோர் வாய்மொழியாகக் கூறும் செய்திகளும் இன்னும் பெரும்பாலும் எழுதப்படாமலும், எழுதப்பட்டவை பெயரிடப்படாமலும் கிடக்கின்றன. தலைப்பிடாது ஏற்றிய பக்கம், காடு மூடிய கோயில் போல்வது. உள்ளே யாது உளதென அயலான் அறியான். கேதீச்சரத்துக்கு வழிகாட்ட இரண்டு பதிகங்கள் இருந்தன. நம் ஊர்ச் சிறுகோயில்கள் பலவற்றுக்கோ பதிகமில்லை. அவற்றின் பெயரையும் ஊரையும் குளத்தையும் பிழையற எழுதிவைத்தலே நம்மாலாவது. இப்பணிக்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு பக்கத்துக்கு ஒரு நாழிகை நேரமும், வாய்மையும், எழுத்திலே கருத்தும் போதும். இவ்வாரமே ஒவ்வொருவரும் தத்தம் பாடசாலைத் தளத்தைத் திறந்து, ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பையும் ஊரறியாதவன் கண்கொண்டு ஒருமுறை படித்துப் பார்ப்பீர்களாக.